பத்தியத்திற்கும் பந்தி வேண்டும்

சோற்றைக் குறையுங்கள் என்று சொல்ல ஒரு மருத்துவருக்கு அரை நிமிடம் போதும். அச்சொல்லைக் கேட்டு வந்தவர் அரை ஆண்டுக் காலம் அதன்படி உண்பது எத்துணை அரிது என்பதை நாம் நம் வீடுகளிலேயே கண்டு வருகிறோம். முதல் வாரம் தட்டில் சோறு பாதியாகிறது. கீரையும் காயும் கூடுகின்றன. மூன்றாம் வாரம் உறவினர் வீட்டுத் திருமணம் வருகிறது. இரண்டாம் மாதம் பழைய தட்டு, பழைய அளவு, பழைய மாத்திரையோடு புதிதாய் இன்னொரு மாத்திரை! உடனே வீட்டார், "அவருக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். இத்தீர்ப்பு தவறு என்பதே நான் இங்கு வாதிட விரும்புவது. மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் பத்தியம் தனியொருவரின் மன உறுதியை நம்பி நிற்கக் கூடியதன்று. உடன் உண்போர் துணை நின்றால்தான் அது நிற்கும்.

இது வயதானவர்களின் கவலை என்று மாணவ நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை மருத்துவ அறிஞர்கள் முன்னின்று நாடெங்கும் நடத்திய பேராய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர், அதாவது வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர், சர்க்கரை நோயாளிகள் என்று அது கணித்தது. அவ்வாய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. நாம் உண்ணும் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அதிலும் பெரும்பங்கு தீட்டிய அரிசி, அரைத்த கோதுமை, வெள்ளைச் சர்க்கரை. இவ்வெண்களுக்குப் பின்னே நம் பெற்றோர் இருக்கின்றனர். ஒரு தாய்க்குக் காலில் வந்த புண் ஆறாமல் போனால், படிப்பை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போகிறவள் பெரும்பாலும் மகளே. ஆகவே இது வகுப்பறையின் கவலையுமாகும்.

எங்கள் அச்சன்புதூரை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு மலையின் அடிவாரத்து ஊர். மேக்கரையில் அடவிநயினார் அணை. அங்கிருந்து வரும் அனுமன் நதியின் நீர். கார், பிசானம் என்று இரு பருவ நெல். மலையில் சாரல் இறங்கினால் வயலில் நாற்றங்கால் பசுமை காட்டும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் "சோறு வேண்டாம்" என்றால் அதற்கு இரண்டே பொருள்: ஒன்று அவருக்குக் காய்ச்சல், அல்லது வீட்டில் யார் மீதோ கோபம். உடல்நலத்துக்காகச் சோற்றைத் தள்ளுவது என்ற மூன்றாம் பொருள் இன்னும் எங்கள் அகராதியில் ஏறவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்து பாருங்கள். "என்ன மதினி, கோழி கொறிச்ச மாதிரி சாப்பிடுதீய? எங்க வீட்டுச் சோறு பிடிக்கலையோ?" என்ற கேள்வி வந்து விழும். அன்பினால் கேட்பதுதான். ஆனால் அந்த அன்புக்கு விடை சொல்லி மாள்வதற்குள் இரண்டாவது கரண்டி தட்டில் விழுந்திருக்கும்.

சோற்றின் மேல் எனக்குப் பகையில்லை. தொலைவில் எங்கோ விளைந்து வருவதன்று அது. எங்கள் வட்டாரத்துக்குப் பெருமை தந்தது. இன்று தமிழகமெங்கும் இட்லிக்கு விரும்பி வாங்கும் குண்டரிசியான ஏ.எஸ்.டி. 16, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட இரகம். அவ்வெழுத்துக்களே அம்பாசமுத்திரத்தைக் குறிப்பன. 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் நியாய விலைக் கடை அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அவ்வரிசி எத்தனையோ வீடுகளில் பசியை விரட்டியது. அதைப் பழிப்பவர் பசியை அறியாதவர். ஆனால் பசியை விரட்டிய அதே அளவு, வயலில் இறங்காமல் தையல் எந்திரத்தின் முன்னும் கடைக் கல்லாவின் முன்னும் பகல் முழுவதும் அமர்ந்திருக்கும் உடம்புக்கு ஒவ்வுமா? இதுதான் இன்றைய கேள்வி.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்த எண்ணம் மேலும் வலுத்தது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணை என்ன சொல்கிறது? நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம், சோளத்தில் 68, கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64, கம்பில் 62. சிறுதானியத்தில் நாரும் தாதுக்களும் மிகுதி, அதில் ஐயமில்லை. ஆயினும் நான்கு கேப்பைத் தோசை உண்டுவிட்டு மாவுச்சத்தைக் குறைத்துவிட்டேன் என்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. முன்சொன்ன 2025-ஆம் ஆண்டு ஆய்வும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றே கூறிற்று. அதில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பருப்பு, பால் போன்ற புரத உணவைச் சேர்ப்பதையே பயனுள்ளதாகக் கண்டது.

குறைத்துண்ணும் முறை புதியதும் அன்று. 1863-இலேயே இலண்டன் மாநகரில் வில்லியம் பான்டிங் என்னும் வணிகர், ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விலக்கித் தம் பருமன் குறைந்த கதையை ஒரு சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். நம் காலத்தில், அமெரிக்காவில் வாழும் நியாண்டர் செல்வன் தமிழில் எழுதிய 'பேலியோ டயட்' என்னும் நூலும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற முகநூல் குழுவும் பல்லாயிரம் தமிழரை இவ்வழியில் இழுத்தன. அவரவர் தத்தம் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் குழுவினர் முன் வைத்து, "இன்று இதை உண்டேன், சரிதானா?" என்று தமிழிலேயே கேட்டதும், முன்னே நடந்தவர் பின்னே வருபவருக்கு விடை சொன்னதும் புதுமை. அம்முறையின் ஊட்டச்சத்துக் கொள்கைகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. காலைக்கு நூறு பாதாம் என்பது அங்கே பரவலாக வழங்கிய பட்டியல். நூறு பாதாமின் விலை இன்று ஏறத்தாழ நூறு ரூபாய்! நாற்று நடும் பெண்ணின் ஒரு வேளைக்கு இது ஆகுமா? எங்கள் ஊரில் அந்த இடத்தை நிலக்கடலையும் முட்டையும் தேங்காய்ச் சில்லுமே நிரப்ப முடியும். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அவர்களுள் பலர் பத்தியத்தில் நிலைத்தமைக்குப் பாதாம் காரணமன்று, கூட்டமே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2005-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இவ்வெண்ணத்துக்கு வலிமை சேர்க்கிறது. பாஸ்டன் நகரில் 160 பேரை நான்கு கூறாக்கி, கூறுக்கு 40 பேர் வீதம், நான்கு வெவ்வேறு பத்தியங்களை ஓராண்டு கடைப்பிடிக்கச் செய்தனர். மாவுச்சத்தை மிகக் குறைத்த முறையும் அதில் ஒன்று. கொழுப்பை மிகக் குறைத்த முறையும் ஒன்று. ஆண்டிறுதியில் நான்கிலும் எடைக் குறைவு பெரிதும் வேறுபடவில்லை. எவர் எந்தப் பத்தியத்தில் இருந்தார் என்பதைவிட, எவர் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார் என்பதே எடைக் குறைவோடு சேர்ந்து சென்றது. கடுமையான பத்தியங்களிலிருந்து ஏறக்குறையப் பாதிப்பேர் நடுவிலேயே விலகினர். ஆக, எதை உண்பது என்பது பாதிக் கேள்விதான். எப்படி நிலைப்பது என்பதே மறுபாதி; அதைப் பற்றித்தான் நம்மவர் பேசுவதில்லை.

நிலைக்கும் வித்தை நமக்குத் தெரியாததா? எங்கள் பக்கத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். மலைக்கு அப்பால் ஆரியங்காவு, அச்சன்கோவில். இரண்டும் ஐயப்பன் தலங்கள். கார்த்திகை பிறந்ததும் தெருவுக்கு நாலைந்து பேர் மாலை அணிந்துகொள்கின்றனர். நேற்றுவரை புரோட்டாவும் சால்னாவும் இன்றி உறங்காதவர், நாற்பத்தொரு நாள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. இத்தனை மன உறுதி ஒரே இரவில் எங்கிருந்து வந்தது? பக்தி என்பீர்கள். பக்திதான், ஆனால் பக்தி தனியே வேலை செய்யவில்லை. கழுத்தில் கிடக்கும் மாலையைக் கண்டதும் எவரும் அவரை வற்புறுத்துவதில்லை. அவர் எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அவருக்கென்று சமையலே மாறுகிறது. மாலையில் கூடிப் பாடக் கூட்டம் இருக்கிறது. தவறினால் தலை குனிய ஒரு குருசாமி இருக்கிறார்.

இரமலான் மாதத்து நோன்பும் இவ்வாறே. விடியற்காலையில் வீடே எழுகிறது. மாலையில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி தெருவெல்லாம் மணக்கிறது. ஒருவர் மட்டும் தனியே பட்டினி கிடப்பதற்கும், ஊரே சேர்ந்து பொழுது சாய்வதை எதிர்பார்ப்பதற்கும் எவ்வளவு வேற்றுமை! பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நாம் வைக்கும் பத்தியத்தையும் எண்ணிப் பாருங்கள். அவளுக்கு என்ன வேண்டும், எது ஆகாது என்பதை மாமியார், தாய், அடுத்த வீட்டு அத்தை என்று ஐந்தாறு பேர் சேர்ந்து காக்கின்றனர். சர்க்கரை நோயாளிக்கு மட்டும் ஏன் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, போய் நீயே போராடு என்று அனுப்பிவிடுகிறோம்?

திருவள்ளுவர் மருந்துக்கு வகுத்த அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறட்பாக்கள் உணவின் அளவையும் காலத்தையும் பற்றியவை. அவ்வறிவுரைக்கு ஈடில்லை. ஆயினும் அவை உண்பவனை நோக்கிச் சொல்லப்பட்டவை. உலை வைப்பவள் வேறொருத்தி. அரிசியை அளந்து போடும் கை அவளுடையது. அவளைச் சேர்க்காத பத்தியம் எப்படி நடக்கும்? அவளே நோயாளியாகவும் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் வடித்துவிட்டு, மிஞ்சியதை வீணாக்க மனமின்றித் தானே உண்பவள் அல்லவா அவள்?

எங்கள் தெருவில் ஆறு பெண்கள் சேர்ந்து செய்து வருவதை இதன் பொருட்டே இங்கு எழுதுகிறேன். என் பெரியம்மாவும் அவர்களுள் ஒருவர். நால்வருக்குச் சர்க்கரை, இருவருக்கு இல்லை, ஆனால் தாய்க்கோ தந்தைக்கோ இருந்தது. ஏற்கனவே ஒரே மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய அந்தக் குழு முறையின் உயிர் எங்கே இருக்கிறது? வாரந்தோறும் ஒருநாள், நீ வருவாய் என்று ஐந்து பேர் காத்திருக்கின்றனர். உன் பெயருக்கு நேரே நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதே நோட்டின் பின்பக்கத்தைத்தான் இவர்கள் பத்தியத்துக்கு எடுத்துக்கொண்டனர். எழுதும் வேலை என்னுடையது, கல்லூரியில் படிக்கும் பெண் என்பதால்.

அவர்களின் ஏற்பாடு மிக எளியது. நண்பகலில் சோறு ஒரே கரண்டி. பொரியலும் கீரையும் அதைப்போல் இரு மடங்கு. முட்டை, மீன், பயறு இவற்றில் ஏதேனும் ஒன்று. இரவில் சோறும் இல்லை, இட்லி தோசையும் இல்லை. அவித்த நிலக்கடலையோ முட்டையோ காய்கறியோ மோரோடு. காப்பியில் சர்க்கரை இல்லை. சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடந்துவிட்டுத் திண்ணையில் கூடி, அன்று உண்டதை அவரவர் சொல்கின்றனர். தவறிவிட்டவரை ஏசக் கூடாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட சட்டம். என் கருத்தில் மற்ற எல்லாச் சட்டங்களையும்விட இதுவே மேலானது. ஏச்சுக்கு அஞ்சுகிறவர் பொய் சொல்வார். பொய் சொல்லத் தொடங்கியவர் மறுவாரம் வரமாட்டார். "கல்யாண வீட்டுல பாயசத்துக்கு முன்னால தோத்துட்டேன் அக்கா" என்று ஒருவர் சொல்ல, மற்ற ஐவரும் சிரித்துவிட்டு, "என்ன பாயசம்?" என்று கேட்டதை நான் நோட்டில் எழுதவில்லை, நினைவில் வைத்திருக்கிறேன்.

விருந்துகளுக்கு அவர்கள் கண்ட வழி அருமையானது. ஆறு பேரும் பந்தியில் ஒரே வரிசையில் அமர்கின்றனர். பரிமாறுகிறவர் ஒருவரை வற்புறுத்தலாம்; இருவரை வற்புறுத்தலாம். வரிசையாக ஆறு இலைகளில் ஆறு கைகள் மறித்தால் சோற்று வாளி தானாகவே நகர்ந்துவிடுகிறது. கழுத்தில் மாலை இல்லாத குறையை அந்த வரிசை தீர்த்துவைக்கிறது. குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கிவிட்டால் சோதனை வேறு வடிவில் வரும். குளிர்ந்த மாலையில் புரோட்டாக் கல்லின் ஓசையும் மணமும் எப்பேர்ப்பட்டவரையும் இழுக்கும். பிரானூர் பார்டருக்குத் தொலைதூரத்திலிருந்தெல்லாம் வந்து உண்கிறார்களே! அதனால் நடைக்குப் போகும் பாதையையே மாற்றிக்கொண்டனர். கோழைத்தனம் என்று சிரிக்கலாம். நான் அறிவுடைமை என்பேன்.

ஆறு பேரில் ஒருவர் அறுவடை வேலை மும்முரத்தில் விலகிவிட்டார். பசி தாங்காமல் வயலில் நிற்க முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குனிந்து நிமிர்ந்து பகலெல்லாம் உழைக்கும் உடம்புக்கும் அமர்ந்திருக்கும் உடம்புக்கும் ஒரே அளவுக் கரண்டி வைப்பது சரியன்று. மற்ற ஐவர் ஓராண்டை நெருங்குகின்றனர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அளக்கும் சர்க்கரை அளவையும் நோட்டில் எழுதி வருகிறேன். சிலருக்கு நன்றாக இறங்கியிருக்கிறது; ஒருவருக்கு ஏறி இறங்கி நிற்கிறது. அவற்றை இங்கே அச்சிட்டு வியப்பூட்ட நான் விரும்பவில்லை. ஐந்து பேரின் கணக்கு ஆய்வாகிவிடாது.

ஆய்வு வேண்டுமென்போருக்கு இரண்டு இருக்கின்றன. சென்னையில் நோயின் விளிம்பில் இருந்த 578 பேரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. உணவும் உடற்பயிற்சியும் குழுவாகக் கற்பிக்கப்பட்டு, தேவைப்பட்டோர்க்கு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவரிடையே, மூன்றாண்டுகளில் நோய் தோன்றும் வாய்ப்பு 32 விழுக்காடு குறைந்திருந்தது. மலைக்கு அப்பால், திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைச் சேர்ந்த 1,007 பேரிடையே நடந்தது மற்றொன்று. முடிவு 2018-இல் வெளிவந்தது. அங்கே குழுவை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், அக்கம்பக்கத்தாரே. இரண்டாண்டு முடிவில் குழு அமைத்த பகுதிகளில் 14.9 விழுக்காட்டினர்க்கும், அமைக்காத பகுதிகளில் 17.1 விழுக்காட்டினர்க்கும் நோய் வந்திருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடிய அளவினதே. இரண்டுமே சோற்றைக் கடுமையாகக் குறைக்கும் பத்தியத்தைச் சோதித்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் கூடினாலே நோய் ஓடிவிடும் என்று எவரேனும் மேடையில் முழங்கினால், நெய்யாற்றின்கரையை அவருக்கு நினைவூட்டுங்கள். கூட்டம் செய்வது ஒன்றே: தட்டில் செய்த மாற்றம் மறுவாரமும் நீடிக்கத் துணை நிற்கிறது. மாற்றம் போதிய அளவினதாக இல்லையெனில் துணை மட்டும் என்ன செய்யும்?

கூட்டத்தால் விளையும் கேடும் உண்டு. சோற்றைக் குறைத்ததும் சர்க்கரை இறங்குவதைக் கண்டு, "மாத்திரையை விட்டுவிடு, நான் விட்டேன்" என்று ஒருவர் இன்னொருவருக்கு மருத்துவராகிவிடும் ஆபத்து எந்தக் குழுவிலும் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்வோரும் சில வகை மாத்திரை உண்போரும் மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால், இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்து மயங்கி விழ நேரும். சிறுநீரகம் பழுதுபட்டவர்க்குப் புரதத்தின் அளவையும் மருத்துவரே சொல்ல வேண்டும். எனவே எங்கள் தெருக் குழுவில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்ட பின்னரே நால்வரும் தொடங்கினர். குழு கரண்டியைப் பற்றிப் பேசலாம். மாத்திரையைப் பற்றிப் பேசலாகாது.

"இதெல்லாம் பெண்களுக்குச் சரி, ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து என்ன சாப்பிட்டேன் என்று சொல்வார்களா?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். தேநீர்க் கடையில் உட்கார்ந்து உலக அரசியலையெல்லாம் சொல்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்களா? மாலை போடும்போது சொல்கிறவர்கள்தாமே? மாலைக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாலைக்கு நாற்பத்தோராம் நாள் முடிவு இருக்கிறது. முடிந்த மறுநாளே புரோட்டாக் கடையில் பழைய முகங்களைக் காணலாம். சர்க்கரைக்கு மலையிறக்கம் இல்லை. அதனால்தான் எங்கள் குழுவினர் ஆயுளுக்கும் என்று சபதம் செய்யவில்லை. ஒரு மண்டலம் என்று வைத்துக்கொண்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசி, அடுத்த மண்டலத்துக்குப் புதிதாகத் தொடங்குகின்றனர். இப்போது நடப்பது எட்டாவது.

நம் கல்லூரி செய்யக் கூடியது என்ன? 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் நாடெங்கும் நடைபெறுகிறது. ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாமுக்காக ஊர்களுக்குப் போகிறோம். கோவில் வளாகத்தைப் பெருக்கி, மரக்கன்று நட்டுத் திரும்புகிறோம். அந்த ஏழு நாளில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அவ்வூர் மகளிர் குழுவின் நோட்டில் பின்பக்கத்தைத் திறந்து கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வரலாம். பிறகு மாதம் ஒருமுறை ஒருவர் போய்ப் பார்த்தால் போதும். நம் உணவகத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். காலை இடைவேளையில் அங்கே கிடைப்பவை வடை, பஜ்ஜி, சர்க்கரை கரைத்த தேநீர். அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்திலேயே ஒரு தட்டில் அவித்த முட்டையும், ஒரு பாத்திரத்தில் பயற்றுச் சுண்டலும், ஒரு பானையில் மோரும் வைக்கக் கேட்கிறேன். பேராசிரியர்களில் சர்க்கரைக்கு அஞ்சிக் கறுப்புக் காப்பியோடு தனியே நிற்பவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும்! அவர்களுக்கும் துணை கிடைக்கும். முதல்வருக்குக் கொடுக்க விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பதினோரு மாணவியரும் இரண்டு பேராசிரியர்களும் கையெழுத்திட்டிருக்கின்றனர். விண்ணப்பத்தாள் நூலகத்தில் நாளிதழ் மேசையின் மேல் இருக்கிறது.